திறந்து விட்டேன் என்று சொன்ன கம்பி

என் மகள் பல்கலைக்கழகத்தில் படம் எடுக்கப் படிக்கிறாள். கடைசி வருடத்தில் பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு என் கைகள் இரண்டும் வேண்டும் என்று கேட்டாள்.

“முகம் தேவையில்லை அப்பா. நீங்கள் கதைக்கவும் தேவையில்லை. கை மட்டும்தான். உங்களை ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டினம், பயப்பிடாதீங்கோ.”

முகத்தை நினைத்து நான் பயப்படவில்லை. கையை நினைத்துத்தான் பயந்தேன்.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு கடல். இப்போது இந்த வெளிநாட்டில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் குசினி அலுமாரி செய்யும் ஒரு வேலைத்தளத்தில் பலகை அறுக்கிறேன். வென்ட்வேர்த்வில்லில் ரயில் பாதை ஓரமாக ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், நானும் மனைவியும் மகளும். ஞாயிறு பூசை தவறுவதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் செபமாலை சொல்லுவோம். எந்த வேலையைத் தொடங்கினாலும் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் தொடங்குவேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இவ்வளவையும் செய்துகொண்டே பதினாறு வருடம் ஒரு பொய்யையும் வீட்டுக்குள் வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சண்டை முடிந்த வருடம் எங்களை ஒரு முட்கம்பி முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது நாலு வயது. மனைவியின் தம்பியும் எங்களோடு இருந்தான். இருபத்திரண்டு வயது. ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் பவுசர் லொறி வந்து சனமெல்லாம் பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிய நேரத்தில், கக்கூசுகளுக்குப் பின்னால் கம்பியைத் தூக்கி வெளியேறினோம். மனைவியும் பிள்ளையும் முதல், நான் இரண்டாவது, மச்சான் கடைசி. அதுதான் பேசிக்கொண்ட ஒழுங்கு. மச்சான் வரவில்லை. பற்றைக்குள் காத்திருந்த மனைவியிடம் நான் சொன்னேன்: “தூரத்தில நிண்டு கையைக் காட்டினவன். நீங்கள் போங்கோ, நான் நாளைக்கு வாறன் எண்டு. கம்பியைத் திறந்து விட்டிட்டுத்தான் வந்தனான்.”

அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இன்றுவரை இல்லை.

நான் கம்பியைத் திறந்து விடவில்லை. கட்டிவிட்டுத்தான் ஓடினேன்.

அந்தப் பொய் என்ன செய்தது என்றால், மச்சானைச் சொல் தவறியவன் ஆக்கியது. மனைவி முதலில் அழுதாள். எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டாள். வருடங்கள் போகப் போக அழுகைக்குள் ஒரு கோபம் வந்து குடியேறியது. “வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராதவன்” என்பாள். மகள் எங்கேயாவது பிந்தி வந்தால், “உன்ர மாமாவைப் போல இருக்காதை” என்பாள். மன்னாரில் இருந்த மனைவியின் அம்மா, என் மாமியும் அதே மனத்தாங்கலோடுதான் கண்ணை மூடினா. அவ செத்த செய்தி வந்த கிழமை நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாதர் எல்லாம் கேட்டுவிட்டு, “ஆண்டவர் மன்னிக்கிறார். வீட்டில சொல்லவேண்டியது உங்கட வேலை, அதை ஆண்டவர் வந்து செய்யமாட்டார்” என்றார். அந்த வேலையை நான் செய்யவில்லை.

மகள் கை கேட்பதற்கு முதல் கிழமை, ஒரு பழைய வெளிநாட்டுப் படத்தை ரீவியில் போட்டாள். கறுப்பு வெள்ளை. மனைவி பயற்றங்காயும் கத்தியும் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள்.

“என்ன படம் இது?”

“வோர் டைம் படம் அம்மா. ஒரு கைதி மறியலில இருந்து தப்புறது.”

“பாட்டு எப்ப வரும்?”

“வராது.”

“அடிபாடு?”

“அதுவும் வராது.”

“அப்ப என்ன மண்ணாங்கட்டிக்குப் படம் எண்டு பேர்?”

ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் படத்தில் ஒரு அறை, ஒரு ஆள், அவனுடைய கை. அவ்வளவுதான். காவல்காரனின் முகத்தைக் காட்டவே இல்லை. சப்பாத்துச் சத்தம் வரும், நிற்கும், போகும். பூட்டுத் திறப்புக் கொத்து குலுங்கும். கைதியின் முகத்தில் பயம் என்று ஒன்றும் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் பயம். அவன் கடைசியில் தப்பிவிடுவான் என்று மகள் முதலே சொல்லியிருந்தாள். தெரிந்தும் நான் மூச்சுவிடாமல் இருந்தேன்.

முகாமிலும் நாங்கள் முகம் பார்க்கவில்லை. யார் வருகிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதைச் சப்பாத்தைக் கேட்டுத்தான் அறிந்தோம். இதை எடுத்தவர் எங்கேயோ ஒரு மறியலில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“பயமா இருக்கவேணும் எண்டா கூட்டக் கூடாது அப்பா” என்றாள் மகள். “மியூசிக், அழுகை, ஓடுறது, எல்லாத்தையும் எடுத்துப்போட்டா மிச்சம் இருக்கிறதுதான் பயம்.”

பிறகுதான் தன் படத்தைச் சொன்னாள். முகாமின் கம்பிவேலி. இரண்டு கைகள் கட்டுக்கம்பியை அவிழ்க்கும். கம்பியைத் தூக்கும். மண்ணில் ஊர்ந்து வெளியே வரும். கடைசிக் காட்சி, திறந்து கிடக்கிற அந்த இடைவெளி. இன்னொருவன் வருவதற்காகத் திறந்து விட்டது. ஒருவரும் வரமாட்டார்கள். படம் முடியும்.

“அம்மா சொன்ன கதைதான்” என்றாள். “த கேப் ஸ்டேஸ் ஓப்பன். அதுதான் முழுப் படமும்.”

நான் முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்க மனைவி சொன்னாள்: “செய்து குடுங்கோவன். ஊர்ச் சனத்துக்கெல்லாம் அலுமாரி செய்யிற கை, பெத்த பிள்ளைக்கு ஒரு படம் செய்யக் கூடாதோ?”

எங்கள் கராஜின் வாசலில் இரண்டு மரத்தூண் நட்டு நாலு வரி முட்கம்பி இழுத்தேன். தோட்டத்து மண் ஏழு பை வாங்கி நிலத்தில் பரப்பினோம். வெளியே கார் நிற்கிற சீமெந்துப் பாதைதான் முகாம். கராஜின் உள்பக்கம்தான் வெளியுலகம். வெளிச்சம் வாசல் வழியாக வருவதால் மத்தியானத்தில் மட்டும்தான் எடுக்கலாம் என்றாள்.

அன்றைக்குக் கம்பியை எதால் அவிழ்த்தேன் என்று கேட்டாள். கதவை நிலையோடு இணைக்கிற பிணைச்சலின் ஒரு துண்டு. ஆணித் துளைக்குள் கட்டுக்கம்பியின் வாலை விட்டு, துண்டைப் பிடித்துச் சுற்றினால் முறுக்குக் கழலும், திருப்பிச் சுற்றினால் இறுகும். வேலைத்தளத்தில் கிடந்த பழைய பிணைச்சல் ஒன்றை அதே அளவுக்கு உடைத்துக் கொண்டுவந்தேன். கையில் வைத்ததும் அதன் பாரம் அப்படியே இருந்தது. அதை அப்போதே வேலைத்தளத்தில் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

முதல் நாள் சிரிப்பாகத்தான் போனது. மைக்கை வீடு கூட்டுகிற தும்புத்தடியில் கட்டி மனைவியின் கையில் கொடுத்தாள். காதில் பெரிய ஹெட்ஃபோன். “என்னை ரேடியோ ஸ்டேசனில வேலைக்குச் சேர்த்த மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. பாதையில் ரயில் போகும்போது நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் தொடங்கும்போது என் வலதுகை நெற்றிக்குப் போய்விடும்.

“அப்பா, கை ஃப்ரேமுக்கு வெளியில போகுது.”

“சிலுவை போடாமல் எப்பிடித் தொடங்கிறது?”

“கமெரா ஓட முதல் போடுங்கோ” என்றாள் மனைவி. “ஆண்டவர் ரெண்டு நிமிசம் பொறுத்துக்கொள்ளுவார்.”

அவிழ்க்கிற காட்சியில் நான் விரலை நடுங்க வைத்தேன். தமிழ்ப் படத்தில் அப்படித்தானே.

“ஏன் கை நடுங்குது?”

“பயத்தில நடுங்கும்தானே.”

“அண்டைக்கு நடுங்கினதோ?”

யோசித்தேன். நடுங்கவில்லை. அன்றைக்கு என் கை கல்லைப் போல இருந்தது.

“இல்லை.”

“அப்ப நடிக்காதீங்கோ. திரும்பத் திரும்பச் செய்யுங்கோ. யோசிக்காமல் வரும்வரைக்கும் எடுப்பம்.”

அதுதான் அவள் படிப்பில் சொல்லிக்கொடுத்த முறையாம். ஒரே காரியத்தை ஒரு ஆளை இருபது தரம் செய்ய வைத்தால், இருபதாம் தரம் அந்த ஆள் நடிக்க மறந்துவிடுவான். கை தனக்குத் தெரிந்ததைச் செய்யும். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. என் கைக்குத் தெரிந்தது என்ன என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது சனிக்கிழமை வெளியே ஊர்ந்து வருகிற காட்சி. கை மண்ணைப் பிடித்து வரும், முழங்கை வரும், ஆள் கராஜுக்குள் வந்துவிடுவான். திரும்பிக் கம்பியை மெல்லக் கீழே விடுவான். பிறகு ஒன்றும் செய்யாமல் கையை மண்ணில் வைத்துக் காத்திருப்பான். பிறகு கை போய்விடும். இடைவெளி மட்டும் இருக்கும்.

முதல் தரமே, கம்பியை விட்டதும் என் விரல்கள் அதன் வாலைத் தேடிப் போயின. பதறிப்போய்க் கையைப் பொத்திக்கொண்டேன்.

“ஏன் முட்டியைப் பொத்துறீங்கள்?”

“முள்ளுக் குத்திப்போட்டுது.”

இரண்டாம் தரமும் பொத்தினேன். மூன்றாம் தரம் கையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். “கை எங்க? எனக்குக் கைதான் வேணும்” என்றாள். ஆறு, ஏழு. முழங்கால் தோல் உரிந்துவிட்டது. மனசுக்குள் அருள்நிறை மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே ஊர்ந்தேன். செபம் ஓடிக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்கும் என்று ஒரு எண்ணம். எட்டாவது தரம் மகளுக்குக் கோபம் வந்தது.

“யூ ஆர் ஹைடிங் சம்திங், அப்பா. கையைப் பார்த்தாலே தெரியுது. விடுங்கோ. லூசா விடுங்கோ.”

மனைவி தும்புத்தடியை மற்றத் தோளுக்கு மாற்றினாள். “பாவம் மனுசன், வயது போன நேரத்தில தவழ விட்டிருக்கிறாய்” என்றாள். அவள் நிழல் மண்ணில் விழாமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். நான் செய்வது அவள் கண்ணில் படாது. சத்தம் மட்டும்தான் காதுக்குள் வரும்.

பதினாலாவது தரமா, பதினைந்தாவதா, தெரியாது. அதற்குள் நான் களைத்துப்போனேன். “நான் கட் சொல்லும்வரைக்கும் எழும்பக் கூடாது, எவ்வளவு நேரம் எண்டாலும்” என்றாள் மகள். ஊர்ந்தேன். ரயில் ஒன்று வந்து போனது. அவள் கட் சொல்லவில்லை. ரயில் போன பிறகு வருகிற அமைதி வேண்டுமாம் அவளுக்கு. முகத்துக்கு நேரே மண். வாசல் வழியாக வெயில். மத்தியானம். செபம் எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை.

பிணைச்சல் துண்டு என் விரலுக்குள் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டு கைகளும் கம்பியின் வாலை எடுத்து, துளைக்குள் விட்டு, மூன்று தரம் சுற்றின. மிஞ்சிய வாலை என் பக்கமாக வளைத்து விட்டன. முகாமுக்குள் இருந்து நீட்டுகிற கைக்கு எட்டாதபடி.

மனைவி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். “என்ன சத்தம் அது?”

“ஒண்டுமில்லை. கை பட்டுப்போச்சு.”

“கை பட்ட சத்தம் இல்லை. முறுக்கின சத்தம். மூண்டு தரம்.”

திரும்பி வந்து குனிந்து பார்த்தாள். ஹெட்ஃபோன் காதில்தான் இருந்தது.

“அப்பா, அது ஸ்கிரிப்ட்டில இல்லையே” என்றாள் மகள் மெல்ல.

“வேலைப் பழக்கம்” என்றேன்.

“பலகை அறுக்கிற கைக்குக் கம்பி முறுக்கிற பழக்கம் எங்க இருந்து வந்தது?” என்றாள் மனைவி. “திறந்து விட்டனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்.”

இன்னொரு பொய் நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. காவல் நிற்கிற ஆமிக்காரன் காணக் கூடாது என்று சும்மா மேலால் கட்டினேன், மச்சான் மறுநாள் அவிழ்த்துக்கொண்டு வரலாம் என்று. அது பொருந்தும். அவள் நம்பியிருப்பாள். ஆனால் அவள் அந்த வளைந்த வாலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் போய், முகாமின் பக்கம் குந்தி இருந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். எட்டவில்லை. முள் அவள் மணிக்கட்டைக் கீறியது.

“அவன் கையைக் காட்டினவனோ?” என்று கேட்டாள்.

“இல்லை.”

சொன்னேன். மண்ணில் குப்புறக் கிடந்தபடியே சொன்னேன்.

நான் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அவன் வந்துகொண்டிருந்தான். கையில் தண்ணீர்க் கான். பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். அதே நேரத்தில் கக்கூசுப் பக்கம் கல்லில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கம்பி திறந்து கிடந்தால் அந்த ஆமிக்காரன் காணுவான், கண்டால் பற்றையைப் பார்ப்பான். பற்றைக்குள் மனைவியும் பிள்ளையும். நான் கட்டினேன். கட்டுவதை மச்சான் பார்த்துக்கொண்டு நின்றான். என் கண்ணைப் பார்த்தான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. திரும்பி, கானோடு நேரே அந்தச் சப்பாத்துச் சத்தத்தை நோக்கி நடந்தான். தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் தண்ணீரைப் பற்றி ஏதோ பெரிதாகக் கதைக்கத் தொடங்கினான். சப்பாத்து நின்றது. நான் ஓடினேன்.

மனைவி அழவில்லை.

“வந்தவன்” என்றாள்.

“ஓம்.”

“சொன்ன நேரத்துக்கு வந்தவன்.”

“ஓம்.”

“அம்மா இது தெரியாமலே செத்துப்போனா” என்றாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

மகள் அப்போதுதான் கமெராவை நிற்பாட்டினாள்.

“நீங்கள் கட்டாட்டி எங்களைப் பிடிச்சிருப்பினமோ?”

“தெரியாது பிள்ளை.”

அதுதான் உண்மை. பிடித்திருப்பார்கள் என்றுதான் பதினாறு வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் சப்பாத்து வேறு பக்கம் திரும்பியிருக்கவும் கூடும். இன்னும் ஐந்து எண்ணும்வரை பொறுத்திருந்தால் அவன் இந்தப் பக்கம் வந்திருக்கவும் கூடும். நான் எண்ணவில்லை.

மனைவி தொலைபேசியோடு திரும்பி வந்தாள். “அக்காவுக்கு எடுத்திருக்கிறன். நீங்களே சொல்லுங்கோ” என்று நீட்டினாள். மன்னாரில் அப்போது காலை. பெரிய மச்சாள் பூசை முடிந்து வந்து தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தா. நான் சொல்லி முடிக்கும்வரை அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தியதும் அந்தச் சத்தமும் நின்றது. அடுப்பை அணைத்திருப்பா. திட்டுவா என்று காத்திருந்தேன்.

“தங்கச்சியிட்டக் குடுங்கோ” என்றா. அவ்வளவுதான்.

அந்தக் கிழமை முழுவதும் மனைவி சமைத்தாள், எனக்குப் போட்டு வைத்தாள், பேசவில்லை. “கொப்பருக்குச் சோறு போட்டிருக்கு எண்டு சொல்லு” என்று மகளிடம் சொல்லுவாள், நான் அந்தக் கதிரையிலேயே இருப்பேன். அவள் மகளின் அறையில் படுத்தாள். செபமாலை மட்டும் நிற்கவில்லை, மூன்று பேரும் முழந்தாளிட்டோம். கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைக் கேட்கிற வரி வரும்போது அவள் குரல் நின்றுவிடும். அந்த வரியை நானும் மகளும்தான் சொல்லி முடிப்போம். பிறகு அவள் குரல் திரும்ப வந்து சேரும். ஏழு நாளும் அப்படித்தான். அவள் பேசாததும் வேறு அறையில் படுத்ததும் அதைப் போல வலிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து காரில் வரும்போது அவள் மகளிடம் கேட்டாள்.

“படம் எப்ப குடுக்கவேணும்?”

“வெள்ளிக்கிழமை. ஆனா நான் அதைக் குடுக்கேல்லை அம்மா. வேற ஒண்டு எடுக்கிறன். ஏதாவது ட்ரெயினைப் பற்றி.”

“ட்ரெயினும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம். படத்தில முடிவு பிழை, அவ்வளவுதான். அதைத் திருத்து.”

“அம்மா, தட்ஸ் யுவர் ப்ரதர்.”

“அதுக்குத்தான் சொல்லுறன். அவன் அங்க வந்து நிண்டவன் எண்டு படத்தில இருக்கவேணும். பார்க்கிறவை வெள்ளைக்காரரோ ஆரோ, எனக்குத் தேவையில்லை. அவன் வந்தவன் எண்டு ஒரு இடத்தில இருக்கவேணும்.”

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“மாமாவா ஆர் நிக்கிறது?”

“நான் நிக்கிறன். கைதானே தேவை.”

பூசைக்கு உடுத்த சீலையை மாற்றி, என் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் கான் ஒன்றைக் குழாயில் நிரப்பினாள். வெறும் கான் போதும், படத்தில் தெரியாது என்றாள் மகள். “வெறும் கான் பொய்ச் சத்தம் போடும்” என்றாள் அவள். கானைத் தூக்கிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம், சீமெந்துப் பாதையில் நின்றாள். என்னைப் பார்த்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் தரம்.

“எந்த இடம்?”

“இன்னும் கொஞ்சம் பின்னுக்கு.”

“காட்டுங்கோ.”

போய்க் காட்டினேன். அந்த இடத்தில் நான் நின்று கம்பியைப் பார்த்தேன். அங்கே இருந்து பார்க்க அது மிகவும் கிட்டவாக இருந்தது. இவ்வளவு கிட்ட என்று நான் நினைத்திருக்கவில்லை. பத்து அடிகூட இல்லை.

“அவன் கானை எந்தக் கையில வைச்சிருந்தவன்?”

“இடது கையில.”

கையை மாற்றினாள்.

மைக்கைப் பிடிக்க ஆள் இல்லாததால் தும்புத்தடியை ஒரு கதிரையின் முதுகில் சாய்த்துக் கட்டினோம். மகள் ஹெட்ஃபோனைத் தானே போட்டுக்கொண்டாள். “ஒரே ஒரு தரம்தான்” என்றாள். “இதை நான் திரும்ப எடுக்க மாட்டன்.”

நான் கம்பிக்கு முன்னால் குந்தியிருந்தேன். நெற்றிக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

“இஞ்சருமப்பா, என்னால ஏலாது” என்றேன் மனைவியிடம்.

“அண்டைக்கு ஏலுமா இருந்ததுதானே” என்றாள். குரலில் கோபம் இல்லை. வேலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். “கட்டுங்கோ.”

ஒரு ரயில் வந்து போகும்வரை காத்திருந்தோம். மகள் கையைக் காட்டினாள்.

அவிழ்த்தேன். தூக்கினேன். ஊர்ந்தேன். மண் வாயில் பட்டது. திரும்பினேன். நாலு வரிக் கம்பிக்கு ஊடாக அவளுடைய இடது கையும் கானும் தெரிந்தன. முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவன் நின்றதைப் போலவே. நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. வாலை என் பக்கம் வளைத்தேன்.

அவள் திரும்பி நடந்தாள். கானுக்குள் தண்ணீர் அடிபடுகிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம். மகள் கட் சொல்லவில்லை. அவள் சொல்லும்வரை நான் எழும்பக் கூடாது. சத்தம் சீமெந்துப் பாதையால் போய், கேற்றைத் தாண்டி, நடைபாதையில் திரும்பியது. குறைந்துகொண்டே போனது, ஆனால் நிற்கவில்லை. அன்றைக்கு நான் இந்தச் சத்தத்தில் நாலைந்து அடியைத்தான் கேட்டேன். அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டேன். இன்றைக்கு ஓட இடமில்லை. மண்ணில் கன்னத்தை வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும் கேட்டேன். எங்கள் தெருவில் ஒரு ஆள் இவ்வளவு தூரம் நடந்து போகலாம் என்று எனக்குத் தெரியாது.

“கட்” என்றாள் மகள்.

மனைவி கானோடு திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. மேல்மூச்சு வாங்கியது. கானை இறக்கி வைத்துவிட்டு, சிவந்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள்.

“சத்தம் மைக்கில விழுந்ததோ?” என்று மகளைக் கேட்டாள்.

“ஓம் அம்மா. முழுக்க விழுந்திருக்கு.”

“அப்ப சரி” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. கம்பியைச் சுற்றிப் பக்கக் கதவால் குசினிக்குள் போனாள். பகல் சாப்பாட்டுக்கு அரிசி அளக்கிற சத்தம் கேட்டது. மூன்று பேருக்கு அளந்தாள்.